அஞ்சாம் நம்பர் மலையும் நான் விக்காத மருந்தும்

பூச்சி மருந்து விக்கிறவனுக்குப் பூச்சியால ஒரு தொல்லையும் இல்லீங்க, தொல்லையெல்லாம் ரெண்டு கால்ல நடந்து வரும். மூணு வருசமா லுணுகலை பஸார்ல ஒரு பூச்சி மருந்துக் கடையில நின்னு நான் கண்டுபுடிச்ச விஞ்ஞானம் இது ஒண்ணுதான். நீங்களும் எங்கயாவது கவுண்டருக்குப் பின்னால நிக்கிற ஆளா இருந்தா, அது சில்லறைக் கடையோ, பாமசியோ, பேங்க்கோ, ஒங்களுக்கு வெளக்கம் தேவையில்ல. வாங்க, சேர்ந்து பல்லைக் கடிப்போம்.

ஆனா ஒண்ணு. இதை எழுத ஒக்காந்தது சிரிப்புக் காட்டுறதுக்கு இல்ல. எங்க அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கிறது தோட்டத்து அஞ்சாம் நம்பர் மலையில. அங்க ஒரு டேப்பன்டைன் மரம், படிச்சவங்க யூகலிப்டஸ்னு சொல்றது. அதோட உச்சிக் கெளையில ஒரு கூடு வந்து தொங்குச்சு. கீழ இருபது பொம்பளைங்க. அந்தக் கூட்டை மொதல்ல எறக்குவாங்களா, இல்ல கூட்டுல இருக்கிறதுங்க மொதல்ல எறங்குமான்னு நாளை எண்ணிக்கிட்டே நான் கடையில மத்தவங்க பூச்சிக்கெல்லாம் வைத்தியம் பார்த்துக்கிட்டு இருந்தேன். கீழ வர்ற கதையில ஒங்களுக்குச் சிரிப்பு வந்தா சிரிங்க. எனக்கு இன்னும் கோவம் எறங்கல.

நசுங்கின சாட்சி

யாரும் பூச்சிய பூச்சியா கொண்டு வர்றதில்ல. யோகட் கப்புல வரும், தீப்பெட்டியில வரும், சேலைத் தலைப்புல முடிஞ்சு வரும். வந்து சேரும்போது கூழா இருக்கும். ஒரு அண்ணன் கால்ல இருந்த செருப்பைத் தூக்கிக் காட்டி, "இந்தா, இதுதான் வந்தது"ன்னாரு. செருப்புல இருந்தது ஒரு கறை. கறைக்கு எத்தனை கால்னு நான் எப்படிச் சொல்றது? இப்ப போன் வேற வந்துருச்சு. பூச்சிய படம் புடிக்கிறேன்னு சொல்லி தன்னோட கட்டைவெரலைப் புடிச்சுக்கிட்டு வர்றவங்கதான் அதிகம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேட்டா, நான் உயர்தரத்துல, பள்ளிக்கூடத்துக் கடைசி ரெண்டு வருசம், பயோ படிச்சவன். பாதி. எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரே பயோ சேர், கரப்பானோட தலையையும் மார்பையும் முடிச்ச வாரத்துல மாற்றலாகிப் போயிட்டாரு. வயித்தை நடத்துறதுக்கு ஆளே வரல. ஒரு வருசம் வெறும் கரும்பலகையைப் பார்த்துட்டு நானும் வெளிய வந்துட்டேன். தோட்டத்துப் புள்ளைக்கு அரைக் கரப்பான் போதும்னு எங்கயோ எவனோ முடிவு பண்ணியிருக்கான். கடை மொதலாளி முஸ்லிம், அவரை ஊரே 'நானா'ன்னுதான் கூப்பிடும், அண்ணன்னு அர்த்தம். வேலை கேட்டுப் போன அன்னைக்கு அவருகிட்ட இதையெல்லாம் மறைக்காம சொன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு: "பரவாயில்ல மகன், இங்க வாற பூச்சியும் அரைவாசிதான் இரிக்கும்."

செத்தவன் றெக்கையோட வந்த கதை

ஒரு நாள் கடையைத் தொறக்குறதுக்கு முன்னாலயே வாசல்ல ஒரு கோவா, அதாங்க முட்டைக்கோஸ், தோட்டக்காரரு நிக்கிறாரு. கையில ஒரு ஜாம் போத்தல். போன வாரம் நம்மகிட்ட மருந்து வாங்கிட்டுப் போனாராம். உடனே அடிக்கல, ரெண்டு நாள் கழிச்சு அடிச்சாராம். அடிச்ச மறுநாள் போய்ப் பார்த்தா பச்சைப் புழு ஒண்ணையும் காணோம். எலைக்கு அடியில எல்லாம் அசையாம, சுருங்கி, மேல ஒரு வலையைப் போத்திக்கிட்டு ஒட்டிக் கெடக்குது. செத்துப்போச்சுடான்னு சந்தோசத்துல ஒரு பத்துப் பிணத்தைப் பொறுக்கி, பொண்டாட்டிகிட்ட காட்டுறதுக்குப் போத்தல்ல போட்டு வச்சிருக்காரு. இப்ப போத்தலுக்குள்ள சாம்பல் நெறத்துல அந்துப்பூச்சிங்க படபடன்னு அடிச்சுக்கிட்டுப் பறக்குது.

அண்ணே, அது சாகல, கூட்டுப்புழுவாயிருச்சு, அந்த நேரத்துல அது எதையும் திங்காது, திங்காதவனுக்குச் சாப்பாட்டுல வெஷம் வச்சு என்ன பிரயோசனம், புழு சின்னதா இருக்கும்போதே அடிச்சிருக்கணும்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். போத்தல்லயும் அதுதான் எழுதியிருக்கு. ஆனா அந்தத் தமிழ் எழுத்து எறும்பு அளவு. அதைப் படிக்கணும்னா எறும்பாத்தான் பொறக்கணும். மத்த பாஷையெல்லாம் வெரல் தடிப்புல இருக்கு, நம்ம பாஷை மட்டும் வெஷம் குடிச்ச மாதிரி சுருண்டு கெடக்கும். அந்தக் கோவத்தை நான் கம்பெனி மேல காட்டுறதா, அவருமேல காட்டுறதான்னு தெரியாம நிக்க, அவரு பஸ்ஸுக்கு நின்ன சனத்துக்கு முன்னால போத்தலைக் குலுக்கிக் கத்துனாரு: "புழுவுக்கு மருந்து குடுன்னா றெக்கை மொளைக்கிறதுக்கு டொனிக்கைக் குடுத்திருக்கியேடா பாவி!"

குளவியா, தேனீயா

அக்கா சொன்னான்னு ஒரு ஞாயித்துக்கெழம நானே அஞ்சாம் நம்பருக்கு ஏறிப் பார்த்தேன். தோட்டத்துல கொட்டுற எல்லாத்துக்கும் ஒரே பேரு, குளவி. ஆனா அங்க இருந்தது குளவி இல்ல. கெளைக்கு அடியில சொளகு அளவுல ஒரே ஒரு அடை. மூடி, மறைப்பு ஒண்ணும் இல்ல. அதுக்கு மேல ஆயிரக்கணக்குல பெரிய தேனீங்க போர்வை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. பக்கத்துல ஒரு பறவை போனா அந்தப் போர்வை மேல அலை ஓடுது. பெருந்தேனீ. சிங்களத்துல பம்பரான்னு சொல்வாங்க. எந்தப் பேரா இருந்தா என்னன்னு நெனைக்காதீங்க. குளவி கொட்டிட்டு ஊசியை உருவிக்கிட்டுப் போயிரும். தேனீ ஊசியில முள்ளு இருக்கு. கொட்டுச்சுன்னா ஊசியும் வெஷப்பையும் நம்ம தோல்லயே பிஞ்சு நிக்கும். தேனீ போன பொறகும் அந்தப் பை தனியா துடிச்சுத் துடிச்சு வெஷத்தை எறக்கும். அந்த வாசனைக்கு மத்ததெல்லாம் தேடி வரும். அதனால ஓடணும், ஊசியை உடனே எடுக்கணும். இதைச் சொல்லிக் குடுக்க அஞ்சு நிமிசம் போதும்.

அந்த வாரமே தோட்டத்து ஐயா கடைக்கு வந்தாரு. ஐயான்னா வெளிவேலை பார்க்கிற உத்தியோகத்தர், எந்த மலையில யாரு பறிக்கணும்னு தீர்மானிக்கிற ஆளு. புல்லு மருந்து வாங்க வந்தவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கூட்டை எடுக்கிற வரைக்கும் அந்த மூலையில பறிக்க வேணாம்னு சொல்லுங்க ஐயா, அஞ்சு நிமிசம் குடுத்தா நானே வந்து பொம்பளைங்களுக்கு வெளக்கிட்டுப் போறேன்னேன். அவரு போன்ல எதையோ தள்ளிக்கிட்டே இருந்தாரு. தலையைத் தூக்கல. சொன்னாரு: "தம்பி, அது குளவியா தேனீயான்னு கொட்டுனதுக்குப் பொறகு பார்த்துக்கலாம், இப்ப பில்லைப் போடு."

ரெண்டு கால் கூட

பழைய லொறி ட்ரைவர் ஒருத்தர், லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால கொச்சிக்கா, மொளகாச் செடி, போட்டிருக்காரு. அதிசயமா எலையோடவே கொண்டு வந்தாரு. எலை சுருண்டு கவுத்துன படகு மாதிரி இருக்கு. லென்ஸை வச்சுப் பார்த்தேன், பொடிப்பொடியா ஓடுது. எண்ணுனேன், எட்டுக் கால். பூச்சின்னா ஆறு காலுங்க, தலை, மார்பு, வயிறுன்னு மூணு துண்டு. இது சிலந்தி சாதி, உண்ணி. பூச்சிக்கு அடிக்கிறதை இதுக்கு அடிச்சா இதைப் புடிச்சுத் திங்கிற நல்ல பூச்சிங்கதான் சாகும், இது கொண்டாட்டமா பெருகும், இதுக்கு வேற மருந்து இருக்குன்னு பத்து நிமிசம் பேசுனேன். பின்னால வரிசை நீண்டுக்கிட்டே போகுது. டிராபிக் பொலிஸ் பேசுறதைக் கேக்குற மாதிரி அவரு பொறுமையா கேட்டுட்டு, தான் கேட்ட போத்தலையே தன் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டு சொன்னாரு: "ரெண்டு கால் கூட இருந்தா ரெண்டு மூடி கூட ஊத்துனா சரி தம்பி, அதுக்குப் போய் ஏன் பாடம் நடத்துற?"

ராணியம்மா உள்ள இருக்கா

ஒரு அண்ணனோட லயத்துக் கூரை வளைமரத்தைக் கறையான் தின்னுருச்சு. தகரம் தலை மேல தொங்குது. தோட்டத்து ஆபீஸ்ல போய்ச் சொன்னதுக்கு, மழை முடியட்டும் பார்ப்போம்னாங்களாம். பதுளைப் பக்கத்து மழை எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்? மண்ணெண்ணெய் ஊத்தி ஊத்திப் பார்த்துட்டு கடைசியா எங்கிட்ட வந்தாரு. கையில ரெண்டு வெள்ளைக் கறையான், இந்தத் தடவை உசுரோட. இது எறும்பு இல்லண்ணே, நெறத்தைப் பார்த்து வெள்ளெறும்புன்னு சொல்றாங்க, உண்மையில கரப்பானுக்குத்தான் சொந்தக்காரன்னேன். நீங்க பார்க்கிறதெல்லாம் வேலைக்காரங்க. ராணி மண்ணுக்குள்ள ஆழத்துல, வயிறு வெரல் பருமன், படுத்த எடத்துலயே முட்டை போட்டுக்கிட்டு இருக்கும். மேல எத்தனை கொன்னாலும் கீழ இருந்து வந்துக்கிட்டே இருக்கும்னேன்.

அந்த ரெண்டும் ஓடுன கையை அவரு மெதுவா மூடுனாரு. நசுக்கப் போறாருன்னு நெனைச்சேன். நசுக்கல. வாசல்ல எறக்கி விட்டுட்டுச் சொன்னாரு: "அப்ப இதுங்ககிட்டயும் சாகுறது வேலைக்காரன் மட்டுந்தானா?"

முதலைக்குட்டி

பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருத்தர், போஞ்சிச் செடியில முதலைக்குட்டி மாதிரி ஒரு சனியன் ஏறியிருக்கு, கொல்லணும்னு வந்தாங்க. பார்த்தா செவப்பு வண்டு, முதுகுல கறுப்புப் புள்ளி வச்ச அந்த உருண்டை வண்டு, அதோட புள்ள. நாள் பூரா செடிப் பேனைப் புடிச்சுத் தின்னுறது அதுதான். அந்த அழகு வண்டுக்கா இப்படி ஒரு புள்ளன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரல. அம்மா, நீங்க கொல்ல வந்தது காவக்காரனை, திருடன் எலைக்கு அடியில இருக்கான்னு நான் கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். அந்த வாரம் பூரா எனக்கு எல்லார் மேலயும் சத்தம்தான் வந்துச்சு, அக்கா தலைக்கு மேல கூடு அப்படியே தொங்குதே. அந்தம்மா கோச்சுக்கல. நிதானமா பையை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு சொன்னாங்க: "எங்க வீட்டுலயும் ஒண்ணு தாடியும் மீசையுமா திங்கிறதும் தூங்குறதுமா கெடக்கு, அதுவும் ஒரு நாளைக்கு அழகா பறக்கும்னுதான் தம்பி மருந்தடிக்காம விட்டு வச்சிருக்கேன்."

சுண்ணாம்பு

ஒரு வியாழக்கெழம, பதினொரு மணி இருக்கும், கொழுந்து லொறி ஹோர்ன் அடிச்சுக்கிட்டே பஸாரைத் தாண்டிப் போச்சு. அந்த நேரத்துல கொழுந்து லொறி வராது. பின்தட்டுல எங்க அக்காவும் இன்னும் நாலு பொம்பளைங்களும் சாக்கு மேல சாஞ்சு கெடந்தாங்க. தோட்டத்துல தேயிலையை ஏத்த லொறி இருக்கு, தோட்டத்து மேனேஜர் தொரை போக ஜீப் இருக்கு, மனுசன் விழுந்தா ஏத்த ஒண்ணுமில்ல. கவுண்டரைத் தாண்டிக் குதிச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடுனேன். பருந்து ஒண்ணு அடையைக் கொத்திட்டுப் போயிருச்சாம். பருந்தைப் புடிக்க முடியாத கோவமெல்லாம் கீழ நின்னவங்க மேல எறங்கியிருக்கு.

அக்கா மொகத்துல கண்ணு எங்கன்னு தேட வேண்டியிருந்துச்சு. கழுத்து, காது, கை பூரா வெள்ளை வெள்ளையா சுண்ணாம்பு. லயத்துல யாரோ பதறிப்போய்ப் பூசிவிட்டது. தொடைச்சுப் பார்த்தா அடியில ஊசியெல்லாம் அப்படியே குத்திக்கிட்டு நிக்குது. மேல மூடியாச்சு, உள்ள இருந்ததை யாரும் எடுக்கல. மொத நிமிசத்துலயே எடுத்திருக்கணும், வழிச்சாலும் சரி, கிள்ளுனாலும் சரி, உடனே. இப்ப பையெல்லாம் காலி, இருந்த வெஷம் பூரா எறங்கி முடிஞ்சுது. அது தெரிஞ்சும் என்னால சும்மா நிக்க முடியல. நர்ஸ் மிஸ் ஒரு பக்கம் மருந்தூசி போட்டுக்கிட்டிருக்க, அடையாள அட்டை ஓரத்தால ஒண்ணொண்ணா வழிச்சேன். இருபத்தி மூணு.

சுண்ணாம்பு பூசுனவங்க மேல எனக்குக் கோவமில்ல. அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பில்லைப் போடுன்னு ஐயா குடுக்காம விட்டாரே, அந்த அஞ்சு நிமிசத்து மேலதான் கோவம். சாயங்காலம்தான் அக்காவுக்குப் பேச்சு வந்துச்சு. ஒதடு வீங்கி வார்த்தை கொழறுது. மூச்சு முட்டுதான்னு கேக்க நான் குனிஞ்சா, அவ கேக்குறா: "டேய், என் கூடையில கொழுந்து இருந்துச்சு, யாராச்சும் நிறுவை போட்டாங்களான்னு கேளு."

பத்து மணி மருந்து

அஞ்சு பேரும் பொழைச்சு வந்தாங்க. ஆபீஸும் உடனே நடவடிக்கை எடுத்துச்சு. என்ன நடவடிக்கைன்னு கேளுங்க. திங்கக்கெழம காலையில ஐயா கடைக்கு வந்து, இருக்கிறதுலயே கடுமையான மருந்தா குடு, நாளைக்குப் பத்து மணிக்கு ஆளை மரத்துல ஏத்தி அடிக்கப் போறோம்னாரு. பத்து மணிக்கு! வெயில்ல! பாதித் தேனீ அடையில, பாதி வெளிய சுத்திக்கிட்டு, சுத்தி நாலு மலையிலயும் பொம்பளைங்க. ஐயா, இதை அந்தி சாஞ்ச பொறகு செய்யணும், எல்லாம் அடைக்குத் திரும்பின பொறகு, மலையில ஆள் இல்லாத நேரத்துல, தேன் எடுத்துப் பழகுன ஆளை வச்சு செய்யணும்னேன். அந்தியில வேலையாள் கெடையாது, தோட்டத்து வேலை நாலரைக்கு முடிஞ்சிரும்னாரு. எங்க தோட்டத்துல விடிஞ்சதும் பெரட்டுக் களத்துல வரிசையா நின்னு பேர் குடுத்துட்டுத்தான் எல்லாரும் வேலைக்குப் போகணும். தேனீயும் அப்படி வந்து நிக்கும்னு நெனைச்சுட்டாரு போல.

நான் விக்க மாட்டேன்னுட்டேன். ஐயா மொகம் செவந்து நானாவைக் கூப்பிட்டாரு. எனக்குத் தெரியும், அந்தத் தோட்டம்தான் கடைக்குப் பெரிய வாடிக்கை. அத்தோட வேலை போச்சுன்னு ஆணியில மாட்டியிருந்த சட்டையைக்கூட எடுத்துக்கிட்டேன். நானா உள்ள இருந்து வந்தாரு. என்னையும் பார்த்தாரு, ஐயாவையும் பார்த்தாரு. அந்த மருந்து முடிஞ்சு போச்சு ஐயான்னாரு. அவரு தலைக்குப் பின்னாலயே அதே மருந்து ஒரு டஜன் போத்தல் வரிசையா நிக்குது. ஐயா வெரலை நீட்டி, அப்ப அது என்னன்னு கேட்டாரு. நானா திரும்பிக்கூடப் பார்க்கல: "அது பார்க்கிறதுக்கு வச்சது ஐயா, விக்கிறதுக்கு வச்சது முடிஞ்சு."

வெற்றிகரமா அகற்றப்பட்டது

ஐயா விடுவாரா? பதுளைக்கு ஆள் அனுப்பி வாங்கிட்டாரு. அன்னைக்கு சாயங்காலம் நான் ஒவ்வொரு லயமா ஏறி எறங்கி, பத்து மணிக்கு அடிச்சா என்ன நடக்கும்னு சொன்னேன். மறுநாள் பெரட்டுல ஒரு பொம்பளையும் மலைக்கு ஏறல, களத்துலயே ஒக்காந்துட்டாங்க. வீங்குன மொகத்தோட எங்க அக்கா மொத வரிசையில. மருந்தடிக்கிற முருகேசு அண்ணன் முதுகுல இருந்த டேங்கை எறக்கி வச்சுட்டு, மொதல்ல ஐயா மரத்துல ஏறட்டும், நான் கீழ இருந்து அளவு சொல்றேன்னாரு. ஐயா ஏறல. போத்தல் ஸ்டோருக்குப் போயிருச்சு, பொம்பளைங்க வேற மலைக்குப் போனாங்க.

மூணு வாரம் அந்த மூலையை யாரும் தொடல. அப்புறம் ஒரு காலையில பார்த்தா கெளையில வெறும் அடை, ஒரு தேனீ இல்ல. பெருந்தேனீ அப்படித்தான். பூ முடிஞ்சா கூட்டமா கெளம்பிரும். அடுத்த பூவுக்கு பெரும்பாலும் பழைய மரத்தையே தேடி வரும். அதனால பொம்பளைங்க சொல்லச் சொல்ல நான் ஒரு மனு எழுதுனேன். பூக்கிறதுக்கு முன்னால மரத்தைப் பாருங்க, கூடு வந்தா பழகுன ஆளை வச்சு அந்தியில எடுங்க, கொட்டுனா என்ன செய்யணும்னு பெரட்டுலயே அஞ்சு நிமிசம் சொல்லிக் குடுங்க, ஆளை ஏத்த ஒரு வண்டி குடுங்க. இருபது பேரும் கையெழுத்து. கொண்டு போனா ஆபீஸ் பலகையில ஒரு அறிவித்தல் தொங்குது: அஞ்சாம் நம்பர் குளவிக்கூடு நிர்வாகத்தினால் வெற்றிகரமாக அகற்றப்பட்டது. பூ உதிர்ந்ததுக்கு இவங்க கையெழுத்து! ஐயா மனுவை வாங்கி, படிக்காமலே மடிச்சு, மேசைத் தட்டுல போட்டுட்டு, பலகையைக் காட்டிச் சொன்னாரு: "பார்த்தியா தம்பி, நாங்க நெனைச்சா எதையும் எடுப்போம்."

இப்ப டேப்பன்டைன் மறுபடி மொட்டு விட்டிருக்கு, அக்கா மறுபடி அதுக்குக் கீழதான் நிக்கிறா.

முட்டை, புழு, கூட்டுப்புழுன்னு எல்லாத்தையும் தாண்டி ஒரு தேனீ றெக்கை அடிச்சுப் பறக்க மூணு வாரம் போதும்ங்க, நாங்க குடுத்த மனு மட்டும் மாசக்கணக்கா அந்த மேசைத் தட்டுல இன்னும் முட்டையாவே கெடக்கு.